பலாலிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

கட்டுநாயக்கா இருக்கப் பலாலி எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கின்றார்கள். கொழும்பிலிருந்து கேட்பவர்களை விடுங்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் சிலரும் கேட்கின்றனர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தேசப்படத்தை விரித்துக் கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு ஒரு நேர்கோடு கீறிப் பாருங்கள். அக்கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலாகவே செல்லும்.

இதன் பொருள் என்ன? யாழ்ப்பாணத்தவர் ஒருவர் சென்னைக்குச் செல்வதற்காக இரவு பஸ்ஸில் ஏறி, 350 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே வந்து, மூன்று மணித்தியாலம் காத்திருந்து விமானம் ஏறுகின்றார். அந்த நேர்கோட்டின் ஏறத்தாழப் பாதித் தூரத்தைக் கடக்கும்போது, புறப்பட்ட ஊருக்கே திரும்பி வந்துவிடுகின்றார்! கட்டுநாயக்கா - சென்னை சுமார் 645 கிலோமீற்றர். பலாலி - சென்னை சுமார் 355 மட்டுமே. திருச்சியோ 185 அளவில்தான். நேர்கோட்டில் பார்த்தாலும் பலாலிக்குக் கட்டுநாயக்காவை விடத் திருச்சியே அண்மையானது.

விமானக் கம்பனியின் அட்டவணை ஒன்றரை மணித்தியாலப் பயணம் என்று சொல்லும். வீட்டுப் படலையிலிருந்து கணக்கிட்டால் பன்னிரண்டுக்குக் குறையாது. முழங்கால் வருத்தத்தோடு வைத்தியத்துக்குப் போகும் முதியவருக்குப் படலைக் கணக்கே கணக்கு.

இது புதிய கோரிக்கையுமன்று. 1947 டிசம்பரில் எயார் சிலோன் தொடங்கியபோது அதன் முதற்சேவையே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றதுதான். அந்நிறுவனம் எழுபதுகளின் இறுதியில் மறைந்தபின், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இவ்வான்வழி அடைபட்டுக் கிடந்தது. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமானநிலையமாகத் திறந்தார்கள். நவம்பரில் அலையன்ஸ் எயார் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவோடு மூடினார்கள். மூடியதைக் குறைகூறவில்லை. கட்டுநாயக்கா 2021 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. பலாலிக்கு மீண்டும் விமானம் வர 2022 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. கிருமி பலாலியில் மட்டும் கூடுதல் காலம் தங்கியிருந்ததா?

பயணிகள் இல்லை என்பது அடுத்த வாதம். 2024 செப்டெம்பரில் இன்டிகோ சென்னையிலிருந்து நாளாந்த சேவையைத் தொடங்கியது. 2025 மார்ச்சில் திருச்சியையும் இணைத்தது. இலாபநட்டம் பார்க்கும் தனியார் கம்பனி, ஆளில்லாத ஊருக்கு இரண்டாவது வழியைத் திறக்குமா? குறை பயணிகளிடத்தில் இல்லை, ஓடுபாதையில் உண்டு. எண்பது ஆசனங்களுக்கு உட்பட்ட ஏ.ரி.ஆர். விமானங்களைக் கொண்டே இச்சேவைகள் தொடங்கின. பெரிய விமானம் இறங்க ஓடுபாதை நீளவேண்டும்.

நீளட்டும். ஆனால் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்களில் இன்னமும் காணி திரும்பக் கிடைக்காதோர் உளர். விமானநிலைய விரிவாக்கம் என்ற பெயரில் அக்காணிகளை விழுங்குவதற்கு நாம் கைதட்ட முடியாது. எந்தக் காணி, எவ்வளவு, யாருடையது, நட்டஈடு என்ன என்பதை வரைபடத்தோடு மக்கள் முன் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.