எண் மாறிய தனிக்கொட்டடி

அந்தமான் செல்லுலார் சிறையை நாம் தேசிய நினைவிடமாக்கினோம். ஓர் அறையின் வாயில் அடுத்த கட்டடத்தின் முதுகையே நோக்குமாறு அமைந்த அந்தக் கொட்டடிகளைக் கண்டு, ஆங்கிலேயரின் கொடுமையை எண்ணிக் கலங்குகிறோம். அதே ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 73, 74ஆம் பிரிவுகள் மட்டும் நம்மைக் கலக்கியதேயில்லை. கடுங்காவல் பெற்றவரை மொத்தம் மூன்று மாதம்வரை தனிக்கொட்டடியில் அடைக்க ஆணையிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளித்தவை அவை.

இத்தண்டனையை நீக்கிவிடுமாறு சட்ட ஆணையம் 1971இலேயே பரிந்துரைத்தது. 1978இல், திகார் சிறையின் மரண தண்டனைக் கைதி சுனில் பத்ராவின் வழக்கில், சிறை அதிகாரிகள் தாமாகவே எவரையும் தனிமையில் அடைத்தல் ஆகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் மட்டும் அசையவில்லை.

அடிமைத் தளையை அறுத்த சட்டம் என்ற முழக்கத்தோடு 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதன் 11, 12ஆம் பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். பழைய 73, 74தான். எண் மட்டுமே புதிது!

ஒரு தடவைக்கு 14 நாள் என்ற வரம்பு இருக்கிறதே, ஐ.நா. 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளும் 15 நாளைத்தானே எல்லையாக்கின என்பர் சிலர். அந்த விதியை முழுவதும் படித்தவர் அவ்வாறு பேசமாட்டார். வேறு வழியே இல்லாத அரிய நேரங்களில் மட்டும், இயன்றவரை குறுகிய காலத்துக்கு என்று சொல்லிவிட்டு, பெற்ற தண்டனையைக் காரணமாக்கி எவரையும் தனிமையில் அடைக்கலாகாது என்றும் அது விலக்குகிறது. நம் சட்டமோ தனிமையைத் தண்டனையின் பகுதியாகவே விதிக்கிறது. இவ்விரு பிரிவுகளையும் நீக்க நாடாளுமன்றத்தில் ஒரு சிறு திருத்தம் போதும். அதைக் கோரி நம் தொகுதி உறுப்பினர்களுக்கு எழுதுவோம்.