கொடையாளர் மனமும் மக்கள் உரிமையும்

2024 ஜூன் இறுதியில், மும்பை செம்பூரை அடுத்த தேவனாரில் இயங்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஒப்பந்த ஆசிரியர்கள் 55 பேருக்கும், ஆசிரியரல்லாத ஊழியர்கள் ஏறத்தாழ 60 பேருக்கும் பணிநீக்க அறிவிப்பு அனுப்பப்பட்டது. அவர்களுள் பலர் பத்தாண்டுக்கு மேல் அங்கே பணிபுரிந்தவர்கள். அவர்களின் ஊதியத்துக்கு டாட்டா கல்வி அறக்கட்டளை தந்துவந்த நிதி வந்துசேரவில்லை என்பதே நிர்வாகம் சொன்ன காரணம். ஆசிரியர்களும் மாணவர்களும் கொதித்தெழுந்தனர். இரண்டு நாட்களில் அறக்கட்டளை நிதி தர இசைந்தது. அறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டன.

சிக்கல் தீர்ந்தது என்று செய்தி ஏடுகள் அத்துடன் நிறுத்திக்கொண்டன. ஆனால் அந்த இரண்டு நாட்கள் எழுப்பிய கேள்வி தீரவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோரின் வாழ்வும், ஆயிரக்கணக்கான மாணவரின் படிப்பும் ஓர் அறக்கட்டளையின் சம்மதத்தில் தொங்கலாமா? அந்தச் சம்மதத்தைக் கேள்வி கேட்க எந்த மக்கள் மன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது?

தனியார் கொடையே கல்வியையும் கலையையும் சமூகத்தையும் தாங்கும் தூண் என்ற கருத்து இன்று நாடெங்கும் பரப்பப்படுகிறது. அதற்குச் சான்றாக அமெரிக்கா காட்டப்படுகிறது. அங்கே பல்கலைக்கழகங்களையும் அருங்காட்சியகங்களையும் நூலகங்களையும் செல்வந்தர்களே கட்டினார்கள். இந்தியாவின் செல்வந்தர்களும் அவ்வழியில் நடந்தால் அரசின் சுமை குறையும் என்கிறார்கள். அந்த வழி எங்கே தொடங்கியது என்பதைப் பார்ப்பது பயன்தரும்.

கார்னெகியின் நூலகம்

எஃகு முதலாளி ஆண்ட்ரு கார்னெகி 1889இல் எழுதிய கட்டுரைதான் அமெரிக்கக் கொடைத் தத்துவத்தின் அடிப்படை. செல்வம் சிலர் கையில் குவிவது இயல்பு. அச்செல்வத்தைச் சிறுசிறு தொகைகளாகப் பலருக்குப் பிரித்துத் தருவதைவிட, அறிவுள்ள செல்வந்தரே பொதுநலத்துக்குச் செலவிடுவது மேல் என்பது அதன் சாரம். கூலியைக் கூட்டிக் கொடுப்பதைவிட நூலகம் கட்டிக் கொடுப்பது நல்லது என்றே இதற்குப் பொருள்.

மூன்றாண்டு கழித்து, 1892இல், பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர் கதவடைப்புக்கு உள்ளாயினர். அவர்களை ஒடுக்கப் பிங்கர்டன் நிறுவனத்தின் 300 ஆயுதக் காவலர்கள் கொண்டுவரப்பட்டனர். ஜூலை 6 அன்று நடந்த மோதலில் ஏழு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். சங்கம் நொறுக்கப்பட்டது, பன்னிரண்டு மணி நேர வேலை நிலைபெற்றது. 1898இல் அந்த ஆலைப் பகுதியிலேயே கார்னெகி ஓர் அழகிய நூலகத்தைத் திறந்தார். பன்னிரண்டு மணி நேரம் உலையின் முன் நின்று திரும்பும் மனிதர் எப்போது புத்தகத்தைத் திறப்பார் என்பதற்கு அவரது தத்துவத்தில் விடையில்லை.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1913இல் தோன்றியது. அதற்கு உரிமைப் பட்டயம் வழங்க அமெரிக்கக் காங்கிரஸ் மறுத்துவிட்டதால் நியூயார்க் மாநிலத்தில் பதிவு செய்யப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரலில், அக்குடும்பத்தின் கட்டுப்பாட்டிலிருந்த கொலராடோ நிலக்கரி நிறுவனத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரின் கூடாரங்கள் லட்லோவில் தாக்கி எரிக்கப்பட்டன. பெண்கள், குழந்தைகள் உள்ளிட்ட இருபது பேர் அளவில் மாண்டனர்.

கார்னெகியின் பணம் உலகெங்கும் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களைக் கட்டியது உண்மை. அவற்றில் படித்து உயர்ந்தவர்கள் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டுமே அவர் பணம் தந்தார். நூலகத்தை ஆண்டுதோறும் நடத்தும் செலவை உள்ளூர் ஆட்சி வரிப்பணத்திலிருந்து ஏற்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அவரது பெயரில் இன்றும் நிற்கும் நூலகங்களுள் பெரும்பாலானவை மக்கள் செலுத்திய வரியால் நிற்கின்றன. 1917 முதல் அமெரிக்கச் செல்வந்தரின் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகையும் கிடைக்கிறது. ஆக, ஒவ்வொரு கொடையிலும் ஒரு பங்கு பொதுக் கருவூலத்திலிருந்து போகிறது. எதற்குச் செலவிடுவது என்ற முடிவோ முழுவதும் கொடையாளரிடம் இருக்கிறது.

பில் கேட்ஸ் அறக்கட்டளை பெரிய உயர்நிலைப் பள்ளிகளைச் சிறு பள்ளிகளாகப் பிரிக்கும் திட்டத்துக்குக் கோடிக்கணக்கான டாலரைச் செலவிட்டது. எதிர்பார்த்த பலன் இல்லையென்று பின்னர் அதுவே கைவிட்டது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் அதைத் தொடங்கும்படி வாக்களிக்கவும் இல்லை. நிறுத்தும்படி வாக்களிக்கவும் இல்லை.

பரேலும் தேவனாரும்

இந்தியாவில் இந்த மரபின் முதன்மைப் பெயர் டாட்டா. டாட்டா சன்ஸ் நிறுவனத்தின் பங்குகளில் ஏறத்தாழ 66 விழுக்காடு டாட்டா அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. இதைக் காட்டி, இது முதலாளித்துவமே இல்லை என்று வாதிடுவோரும் உண்டு. 2006 ஜனவரி 2 அன்று ஒடிசாவின் கலிங்கநகரில், டாட்டா எஃகு ஆலைக்கான நிலத்தில் சுவர் எழுப்புவதை எதிர்த்த ஆதிவாசிகள் 13 பேர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டதை அவர்கள் குறிப்பிடுவதில்லை.

மும்பையில் இந்த அறக்கட்டளை மரபு ஈன்ற இரு நிறுவனங்களின் கதை வேறு வேறு திசையில் சென்றது. 1936இல் தொடங்கிய சமூகப் பணிப் பள்ளி பின்னர் தேவனாருக்கு இடம்பெயர்ந்து, இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனமாக வளர்ந்தது. 1941இல் பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. அந்த மருத்துவமனையை 1957இல் ஒன்றிய சுகாதார அமைச்சகம் ஏற்றது; 1962இல் அது அணுசக்தித் துறையின் கீழ் வந்தது. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் புற்றுநோயுடன் வரும் ஏழை அதன் படியேற முடிவதற்கு அரசின் பணமே அடித்தளம். கொடை விதையாக இருந்தது. பொதுத்துறை அதை மரமாக்கியது.

தேவனார் நிறுவனத்துக்கு நேர்ந்தது வேறு. அரசு நிதி வரும், ஆனால் போதாது. பல துறைகளும் மையங்களும் அறக்கட்டளைப் பணத்தில், திட்டத்துக்குத் திட்டம் ஒப்பந்தம் என்ற நிலையில் ஓடின. தலித், பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்ட மாணவருள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு உரியவர்களுக்கு இருந்த விடுதி, உணவுக் கட்டணச் சலுகை பறிக்கப்பட்டது. மும்பை, துல்ஜாப்பூர், ஹைதராபாத், குவாஹாட்டி ஆகிய நான்கு வளாகங்களின் மாணவரும் 2018இல் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2023இன் புதிய விதிகளுக்குப் பின் நிறுவனத் தலைமையை நியமிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசின் கைக்குப் போனது. ஆனால் அடுத்த ஆண்டே ஆசிரியரின் ஊதியம் அறக்கட்டளையின் கையை எதிர்பார்த்து நின்றது. அதிகாரம் டெல்லிக்கு, செலவு கொடையாளருக்கு, நிச்சயமின்மை ஊழியருக்கு என்பதே இந்த ஏற்பாடு.

தண்டவாளத்தின் இருபுறம்

மும்பைத் தமிழர்களுக்குக் கொடை புதிதில்லை. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் மாட்டுங்காவில் தோன்றியது. சண்முகானந்த சபை 1952இல் அமைந்து, 1963இல் தன் பெரிய அரங்கைக் கட்டியது. 1990இல் தீக்கிரையான அந்த அரங்கம் மீண்டும் எழுப்பப்பட்டு 1998இல் திறக்கப்பட்டது. வேற்றூரில் வாழ வந்தவர்கள் தம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் தம் இசைக்கு மேடையும் அமைத்துக்கொண்டது பெருமைக்குரியதே.

ஆயினும் கொடை தன் சுற்றத்தை நோக்கியே முதலில் ஓடும். மத்திய ரயில் பாதைக்குக் கிழக்கே எழுத்தர்களும் அதிகாரிகளும் குடியேறிய மாட்டுங்கா. மேற்கே, நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தலித் மக்களும் இசுலாமியரும் உழைத்த தாராவி. இருபுறமும் தமிழ்தான். கிழக்கே அறக்கட்டளைகள் செழித்தன. மேற்கே பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளி. நோய்க்கு மருந்து தந்தது மாநகராட்சியின் சயான் மருத்துவமனை. இது எந்த ஒரு சங்கத்தின் குற்றமும் அன்று. யாரிடம் பணம் இருக்கிறதோ அவருடைய சாதி, வர்க்க எல்லைக்குள் கொடை சுழல்வது அதன் தன்மை. அந்த எல்லையைத் தாண்டும் கடமை பொது நிதிக்கே சட்டப்படி உண்டு.

2020இல் கொரோனா தாராவியில் நுழைந்தபோது வீடு வீடாகச் சென்று சோதித்தவர்கள் மாநகராட்சி ஊழியர்களும் மருத்துவர்களும். பள்ளிகள் தனிமைப்படுத்தும் மையங்களாயின. தனியார் மருத்துவர்களும் தொண்டர்களும் துணைநின்றனர். அந்த உதவிகள் ஊர்கூடித் தேர் இழுப்பதாக அமைந்தது, வடம் மாநகராட்சியின் கையில் இருந்ததனால்தான்.

பண்பாட்டுக்கும் புரவலர் இன்றியமையாதவர் என்பார்க்கு மேற்குப் புறத்திலேயே விடை உண்டு. மாட்டுங்கா தொழிலாளர் முகாமில் பொதுவுடைமை இயக்கத்தோடு வளர்ந்தவர் அண்ணாபாவ் சாட்டே. அவரும் அமர் ஷேக்கும் தோழர்களோடு 1944இல் செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினர். மராத்தி மக்கள் கலையை மாற்றியமைத்த அக்குழுவுக்கு ஆலைவாயிலும் தெருமுனையுமே மேடை.

தாராவியில் புதிய புரவலர்

இன்று தாராவியின் வாயிலில் நிற்கும் கொடையாளர் அதானி குழுமம். 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத் தொகையில் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை அது கைப்பற்றியது. திட்ட நிறுவனத்தில் அதற்கு 80 விழுக்காடு. மாநில அரசுக்கு 20. அந்நிறுவனம் தாராவியில் தொழிற்பயிற்சியும் மருத்துவ முகாமும் நடத்துகிறது. சான்றிதழ் பெறும் இளைஞரின் படங்கள் வெளியாகின்றன.

அதே நிறுவனத்தின் திட்டப்படி, 2000 ஜனவரி 1க்கு முன் கட்டிய தரைத்தள வீட்டுக்காரருக்கே தாராவிக்குள் இலவச வீடு. ஏனையோர் வெளியே போக வேண்டும். முலுண்ட், காஞ்சூர்மார்க், பாண்டுப் பகுதிகளின் உப்பள நிலம் இதற்கெனக் கேட்டுப் பெறப்பட்டது. 1927 முதல் நகரின் குப்பை குவிந்துவரும் தேவனார் கிடங்கின் 124 ஏக்கரும் சேர்க்கப்பட்டது. மாநகரின் மற்ற கட்டுமான நிறுவனங்கள் தாம் வாங்கும் கூடுதல் கட்டட உரிமையில் 40 விழுக்காட்டை முதலில் தாராவித் திட்டத்திடமே வாங்க வேண்டும் என்ற விதியும் வந்தது. தையல் பயிற்சி தரும் கை, தைப்பவர் குடியிருக்கும் மண்ணை எடுத்துக்கொள்கிறது. 2022 மார்ச்சில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்து, மூன்றாண்டுக்கும் மேலாகத் தேர்தலின்றி நிர்வாக அதிகாரியின் ஆட்சி நடந்த வேளையில் இவை அனைத்தும் நிகழ்ந்தன.

நாடளாவிய கணக்கும் இதையே சொல்கிறது. 2013இன் கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2020-21இல் இத்தொகை சுமார் 26,000 கோடி ரூபாய். 2019 செப்டம்பரில் ஒரே அறிவிப்பில் பெருநிறுவன வரி குறைக்கப்பட்டபோது, ஓராண்டுக்கு 1.45 இலட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே கூறியது. சொத்து வரி 2015இல் ஒழிக்கப்பட்டது. வாரிசுச் சொத்துக்கான வரி 1985 முதல் இல்லை. விட்டுக்கொடுத்த வரியில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத தொகை கொடை என்ற பெயரில் திரும்புகிறது. அதிலும் ஒரு பகுதி, தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்படாது என்று அரசு சாதிக்கும் பி.எம். கேர்ஸ் நிதிக்குப் போகிறது.

செய்ய வேண்டியவை

தாராவியிலும் செம்பூரிலும் பணியாற்றும் தோழர்கள் முகாமுக்குச் செல்லும் ஏழையைக் குறைகூற வேண்டியதில்லை. இலவசக் கண்ணாடியும் பயிற்சியும் அவருக்குத் தேவை, பெறட்டும். அதைப் பெற்றுக்கொண்டதற்காக வீட்டுரிமைக் கேள்வியில் வாய்மூட வேண்டியதில்லை என்பதை அவரிடம் விளக்குவதே அரசியல் பணி.

மாநகராட்சியின் தமிழ் வழி வகுப்புகள் காக்கப்பட்டு வலுப்பெற வேண்டும். கல்வி நிறுவனங்களின் நிரந்தரப் பணிகளுக்கு அரசே முழு ஊதியம் தர வேண்டும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சியின் முடிவுப்படி செலவிடப்பட வேண்டும். தகுதித் தேதி பாராமல் தாராவியின் குடியிருப்போருக்கும் சிறுதொழில் செய்வோருக்கும் தாராவியிலேயே இடம் வேண்டும். செல்வத்துக்கும் வாரிசுச் சொத்துக்கும் வரி வேண்டும்.

தேவனாரில் இரண்டே நாளில் அறிவிப்புகள் திரும்பியதற்கும் கொடையாளரின் கருணை மட்டும் காரணமன்று. எழுந்த எதிர்ப்பும் காரணம். ஆயினும் அடுத்த ஆண்டும் அதே கையை எதிர்பார்க்கும் நிலை மாறவில்லை. அதைச் சட்டத்தாலும் பொது நிதியாலும் மாற்றும்வரை அந்த எதிர்ப்பு ஓயக் கூடாது.