டி செல் அடங்கியது, தரகன் எழுந்தான்!

“கிட்னி இரண்டு இருக்கிறது, ஒன்று போதும். கொடுத்தால் கடன் தீரும்” - இதுதான் தரகனின் பல்லவி. நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளிகளின் கிட்னிகள் விலைபேசப்பட்ட செய்தி 2025 ஜூலையில் வெளிவந்தது. ஆகஸ்டில், நம் மதுரையிலுள்ள உயர்நீதிமன்றக் கிளை, இதை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது.

ஒரு நெசவாளியின் கிட்னி, முன்பின் அறியாத ஒருவர் உடம்பில் எப்படி ஒட்டுகிறது? இதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த வியாபாரத்தின் வேர் தெரியும்.

உடம்பின் காவற்படை

நம் ரத்தத்தில் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் காவல் காக்கின்றன. நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் இவை பயிற்சி பெறுகின்றன. சொந்த உடம்பையே தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. தப்பி வருபவற்றை அடக்கிவைக்க, டி செல்களிலேயே ஒரு தனி வகை உண்டு. அதைக் கண்டறிந்த மூவருக்குத்தான் 2025-ல் மருத்துவ நோபல் பரிசு.

ஒவ்வொருவர் செல்லின் மேலும் ஓர் அடையாள முத்திரை இருக்கிறது. இரட்டைப் பிறவிகளுக்கு அது ஒன்றாகவே இருக்கலாம். அதனால்தான் 1954-ல் பாஸ்டன் நகரில் ஒருவருக்கு அவருடைய இரட்டைச் சகோதரரின் கிட்னியைப் பொருத்தியபோது உடம்பு அதை ஏற்றுக்கொண்டது. அந்நிய முத்திரை என்றால் டி செல் பொங்கி எழும்.

ஆனால் முத்திரையைப் பார்த்த மாத்திரத்தில் அது பாய்வதில்லை. மெயின் சுவிட்சைப் போட்டாலும் ஸ்டார்ட்டரை அழுத்தாமல் மில்லில் மெஷின் ஓடுமா? டி செல்லுக்கும் இரண்டு சைகைகள் வேண்டும். முதல் சைகை, அந்நிய முத்திரை. இரண்டாவது, அதைக் காட்டும் செல் கொடுக்கும் உத்தரவு. இரண்டாவது வராவிட்டால் டி செல் மரத்துப்போய்ச் சும்மா கிடக்கும். இரண்டும் வந்தால் கால்சிநியூரின் என்ற நொதி முடுக்கிவிடப்படும். டி செல்கள் பல்கிப் பெருகும். புதிய கிட்னியை அழிக்கும்.

மருந்து வந்தது, சந்தையும் வந்தது

நார்வே நாட்டு மண்ணிலிருந்து எடுத்த ஒரு பூஞ்சையில் சைக்ளோஸ்போரின் கிடைத்தது. அது அந்தக் கால்சிநியூரினை முடக்குகிறது. 1983-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. அதுவரை உயிரோடிருப்பவரிடம் கிட்னி பெறுவதென்றால், பெரும்பாலும் ரத்த உறவில்தான் தானம் தேட வேண்டியிருந்தது. வேலூரில் 1971-லேயே கிட்னி மாற்று சிகிச்சை நடந்துவிட்டது. ஆனால் கிட்னிச் சந்தை அப்போது வரவில்லை. டி செல்லின் வாயை அடைக்கும் மருந்து வந்த பிறகு, முத்திரை பொருந்தாத அந்நியரின் கிட்னியும் உபயோகப்பட்டது. “யாருடையதும் ஆகும்” என்றது விஞ்ஞானம். “அப்படியானால் மலிவானது எது?” என்று கேட்டது பணம்! சென்னை வில்லிவாக்கத்துக்குக் “கிட்னிவாக்கம்” என்று பெயர் வந்த கதை இதுதான்.

குற்றம் மருந்தினுடையதல்ல. நோயாளியும் நமக்கு எதிரியல்ல. டயாலிசிஸுக்கு அலைபவர்களில் நம் கூலிக்காரரும் உண்டு. குற்றம், கடனாளியின் உடம்பைச் சரக்காக்கும் அமைப்பினுடையது.

“தாராளமாக விற்கட்டும்” என்கிறார்கள்

நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் கேரி பெக்கர், பணம் கொடுத்து உறுப்பு வாங்க வழிசெய்ய வேண்டும் என்று 2007-ல் வாதாடினார். விற்பவனுக்கும் லாபம், வாங்குபவனுக்கும் லாபமாம்!

விற்றவன் கதி என்ன? கிட்னி விற்ற 305 பேரிடம் சென்னையில் 2001-ல் ஆய்வு நடந்தது. நூற்றுக்கு 96 பேர் கடனுக்காக விற்றவர்கள். கடனுக்காக விற்றவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவருக்கு, விற்ற பிறகும் கடன் தீரவில்லை. சராசரிக் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நூற்றுக்கு 86 பேர் உடல்நலம் கெட்டுவிட்டது என்றார்கள். இதுவா லாபம்? கிட்னி போயிற்று, கடன் நின்றது!

1994-ம் வருடச் சட்டம் விற்பனையைத் தடுக்கிறது. ஆனால் உறவினர் அல்லாதவர் “அன்பினால்” கொடுத்தால் கமிட்டி அனுமதிக்கலாம். வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது, முகம் தெரியாதவர்மேல் நெசவாளிக்குத் திடீரென்று அன்பு பிறக்குமா? அந்த வாசல் வழியாகத்தான் தரகன் நுழைகிறான்.

நாளை என்ன?

மாற்று கிட்னி பெற்றவர் ஆயுள் முழுதும் மருந்து சாப்பிட வேண்டும். நிறுத்தினால் டி செல்கள் விழித்துக்கொள்ளும். மருந்தே இல்லாமல் டி செல்லுக்குச் சகிப்பைப் பழக்க விஞ்ஞானிகள் உழைக்கிறார்கள். அது மகத்தான வேலை, வெல்லட்டும்! ஆனால் அன்றைக்கும் கந்துவட்டியும் அரைக்கூலியும் நீடித்தால், தரகனின் வேட்டைக்காடுதான் இன்னும் விரியும்.

ஆகவே நாம் கேட்பது: 2008-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய மூளைச்சாவு உறுப்புதானத் திட்டத்தை ஒவ்வொரு மாவட்ட ஆஸ்பத்திரிக்கும் விரிவாக்கு! “அன்பு” என்ற பெயரில் வரும் ஒவ்வொரு மனுவையும் கடன் கணக்கோடு சேர்த்து விசாரி! ஈ.எஸ்.ஐ. இல்லாத வயல் கூலிக்காரருக்கும் ஆயுள் மருந்து உள்ளூரிலேயே இலவசமாகக் கிடைக்கச் செய்! விற்றவனை அல்ல, விற்க வைத்தவனைக் கூண்டில் ஏற்று!

தோழர்களே! தரகன் உங்கள் வாசலுக்கு வந்தால் தனியாகப் பதில் சொல்லாதீர்கள். சங்கத்துக்கு அழைத்து வாருங்கள், அங்கே பேசிக்கொள்வோம்!