பேராசையா, இலட்சியமா?

“பேராசைக்காரி!”

விடுதி அறையில் மடிக்கணினியைச் சுற்றி நால்வர் அமர்ந்து ஒரு ஜப்பானியத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அச்சொல்லை முதலில் சொன்னவன் நான்தான். பக்கத்தில் இருந்த நண்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்: “அந்த டாக்டரப் பத்தி ஒன்னும் சொல்லலையே? அவனுக்கு மட்டும் சின்ன ஆசையா?” எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

தொடரின் பெயர் ‘குரோக்காவா நோ தெச்சோ’. ‘கறுப்புத் தோல் குறிப்பேடு’ என்று தமிழில் சொல்லலாம். புகழ்பெற்ற குற்றப்புனைவு எழுத்தாளர் மாட்சுமோத்தோ செய்ச்சோ எழுதி, 1980ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த நாவல் இது. 1982 முதல் பலமுறை தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டுள்ளது. 2004இல் யொனெகுரா ரியோகோ நடித்தது பெரும் வரவேற்பைப் பெற்றது. நாங்கள் பார்த்தது, 2017இல் தாக்கெய் எமி நடித்து வெளிவந்த தொடர்.

கதைத்தலைவி ஹாராகுச்சி மொத்தோகோ வங்கி ஊழியர். அமைதியானவர், வேலையில் பிசகாதவர், யார் கண்ணிலும் படாதவர். பணக்கார வாடிக்கையாளர்கள் வரி ஏய்ப்பதற்காகப் பிறர் பெயரில் வைத்திருக்கும் கணக்குகளை அவர் ஒரு கறுப்புக் குறிப்பேட்டில் குறித்து வைக்கிறார். பிறகு ஒருநாள் அக்கணக்குகளிலிருந்து பெருந்தொகையை எடுத்துக்கொள்கிறார். நாவலில் அது 7 கோடி யென்னுக்கும் மேல். 2017 தொடரில் 18 கோடி யென். வங்கி அவரைப் பிடித்து விடுகிறது. ஆனால், காவல்துறையிடம் போக முடியவில்லை. போனால் குறிப்பேடு வெளியே வரும். வாடிக்கையாளர்களின் குட்டும், அதற்குத் துணைபோன வங்கியின் குட்டும் உடைந்து போகும். ஆகவே, பணத்தை விட்டுக்கொடுத்து வாயை மூடிக்கொள்கிறது. மொத்தோகோ அந்தப் பணத்தைக் கொண்டு தோக்கியோவின் கின்சா வட்டாரத்தில் ‘கார்னே’ என்ற இரவு மதுக்கூடத்தைத் திறக்கிறார். ‘கார்னே’ என்பது பிரெஞ்சு மொழியில் குறிப்பேட்டைக் குறிக்கும் சொல்!

மதுக்கூடம் நடத்தும் பெண்ணின் கதை என்றதும் முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மொத்தோகோ ஏன் வங்கியிலேயே உயர முயலவில்லை?

உயர வழியில்லை என்பதுதான் பதில். நாவல் எழுதப்பட்ட காலத்தில் ஜப்பானிய வங்கிகளில் பெண் என்றால் முகப்பில் அமர்ந்து பணம் எண்ணுபவர், திருமணம் ஆனதும் வேலையை விட்டு விலகிவிட வேண்டியவர். வேலையில் ஆண் பெண் சமவாய்ப்புச் சட்டமே 1985இல்தான் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் பெரிய நிறுவனங்கள் ஊழியர்களை இரு தடங்களாகப் பிரித்தன. பதவி உயர்வுக்குரிய தடத்தில் ஆண்களும், எழுத்தர் பணித் தடத்தில் பெண்களும் பெரும்பான்மையாக அமர்ந்தனர். 2017 தொடரில் மொத்தோகோ வங்கியின் நிரந்தர ஊழியர்கூட இல்லை; ஆள் அனுப்பும் நிறுவனத்தின்வழி வந்த தற்காலிகப் பணியாளர். சட்டம் வந்து முப்பது ஆண்டுகள் கடந்தும் கதையை எளிதாகப் பொருத்திக்கொள்ள முடிந்திருக்கிறது என்பது வேதனைக்குரியது.

அப்படியானால் கின்சா பெண்களுக்கு விடுதலை தரும் இடமா? அதுவும் இல்லை. ஜப்பானியர் இத்தொழிலை ‘மிசு ஷோபாய்’, அதாவது ‘நீர் வணிகம்’ என்பர். வருமானம் தண்ணீரைப்போல் நிலையற்றது. கின்சா மதுக்கூடங்களில் வாடிக்கையாளர் பெரும்பாலும் கடனில் குடிப்பார். பில் பின்னர் அனுப்பப்படும். அவர் பணம் கட்டாமல் போனால் அவரைக் கவனித்துக்கொள்ளும் பணிப்பெண்ணே அக்கடனை ஏற்க வேண்டும் என்பது அங்கு நெடுங்கால வழக்கம். குடிப்பவர் ஒருவர், கடன் சுமப்பவர் மற்றொருவர். கடையின் ‘மாமா’ என்று அழைக்கப்படும் தலைவிக்கு மட்டுமே ஓரளவு அதிகாரம் உண்டு. (நம் தாய்மாமனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; அவர்கள் அம்மாவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.) அந்த ஒரு நாற்காலியைத்தான் மொத்தோகோ குறிவைக்கிறார்.

இதனை எழுதிய மாட்சுமோத்தோவும் கதவுகள் சாத்தப்படும் ஓசையை அறிந்தவர். 1909இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, தொடக்கக் கல்வியோடு பள்ளியை விட்டு, எடுபிடிப் பையனாகவும் அச்சகத் தொழிலாளியாகவும் உழைத்தவர். 1953இல் அக்குத்தகாவா விருது கிடைத்தபோது அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பட்டமில்லாதவனை உலகம் எப்படிப் பார்க்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் மொத்தோகோவை அவர் எளிதில் கெட்டவள் என்று ஒதுக்கிவிடவில்லை என நினைக்கிறேன்.

இனி என் நண்பனின் கேள்விக்கு வருகிறேன். மொத்தோகோவின் மிரட்டலுக்கு ஆளாகும் ஆண்கள் யார்? வருமானத்தை மறைத்த மருத்துவமனை உரிமையாளர். மருத்துவக் கல்லூரி இடங்களைப் பின்வாசல் வழியாக விற்கும் பயிற்சிப் பள்ளித் தலைவர். இவர்களை நாங்கள் ‘பெரிய மனுஷன்’ என்றோம். மொத்தோகோவை மட்டும் ‘பேராசைக்காரி’ என்றோம். தமிழில் உயர நினைப்பதைக் குறிக்கச் சொற்களுக்குப் பஞ்சமில்லை: இலட்சியம், குறிக்கோள், வேட்கை, பேரவா, பேராசை. ஆனால், பங்கீடு செய்யும்போது நல்ல சொற்களை ஆண்களுக்கும் எஞ்சியதைப் பெண்களுக்கும் கொடுத்துவிடுகிறோமோ?

அப்படியென்றால் மொத்தோகோ குற்றமற்றவரா? நிச்சயமாக இல்லை. திருடியது திருட்டுதான், மிரட்டியது மிரட்டல்தான். ஆனால், அவர் செய்த மிகப் பெரிய குற்றமாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. அந்த மருத்துவமனையில் நெடுங்காலம் உழைத்து, மருத்துவரால் கைவிடப்பட்ட தலைமைத் தாதி இச்சிகோ. அவரிடம் அன்பு காட்டி, மருத்துவமனையின் இரகசியக் கணக்குகளை அறிந்துகொண்டு, காரியம் முடிந்ததும் மொத்தோகோ அவரைக் கைகழுவி விடுகிறார். தன்னைப்போலவே மேலே வர வழியில்லாத ஒருத்தியை ஏணிப்படியாக்கி மிதிக்கிறார். நாவலின் முடிவில், எல்லாம் இழந்த மொத்தோகோ அறுவை மேசையில் கிடக்க, அந்த மருத்துவரும் இச்சிகோவும் அவரைக் குனிந்து பார்க்கிறார்கள். படிப்பவரின் முதுகுத்தண்டு சில்லிடும்.

ஆக, நான் கண்டுகொண்ட அளவுகோல் இதுதான். எவ்வளவு உயரத்திற்கு ஆசைப்படுகிறோம் என்பதை வைத்துப் பேராசையை அளக்கக் கூடாது. யார் தோளை மிதித்து ஏறுகிறோம் என்பதை வைத்தே அளக்க வேண்டும். அதே கோலால் மருத்துவரையும் வங்கியையும் அளக்க வேண்டும். நம்மையும் அளந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. சில பருவங்களுக்கு முன்பு ஒரு மாணவர் இயக்கத்தின் தேர்தலில் என் மூத்த மாணவி ஒருவர் தலைவர் பதவிக்கு நிற்க விரும்பினார். கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், ஆதரவாளர்களைத் தேடி அலைவது என அந்த இயக்கத்தின் பாதி வேலையை அதுவரை சுமந்தவர் அவர். நான் அவரிடம், “ஏங்க்கா, செயலாளரா இருந்தா போதாதா? தலைவர் பதவிக்கு ஏன் இவ்ளோ ஆசை?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவரும் சிரித்தார். வேட்பு மனுவைக் கொடுக்கவில்லை. அவ்வாண்டும் செயலாளராகவே இருந்தார். தலைவரான நண்பனிடம் ‘ஏன் இவ்வளவு ஆசை?’ என்று நானோ வேறு எவருமோ கேட்கவில்லை. அக்கா யார் தோளையும் மிதித்தவர் இல்லை. எங்கள் எல்லாருக்கும் தோள் கொடுத்தவர்.

அந்தக் கேள்வியை நான் நகைச்சுவை என்று நினைத்திருந்தேன். கின்சா தெருவில் தனியே நடந்துபோகும் மொத்தோகோவைப் பார்த்த பிறகுதான் அது ஒரு கதவு என்று புரிந்தது. சாத்தியவன் நான்.

தேர்தல் பருவம் மீண்டும் நெருங்குகிறது. இம்முறை தலைவர் பதவிக்கு ஒரு தங்கை முன்வந்தால், அவரிடம் கேட்க என்னிடம் ஒரே கேள்விதான் உள்ளது: “என்ன செய்யப் போறீங்க, தங்கச்சி?” ஆண் வேட்பாளரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்பேன். இதைப் படிக்கும் நண்பர்களும் அவ்வாறே கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

அக்கா, இம்மலர் உங்கள் கைக்கும் வரும் என்பது எனக்குத் தெரியும். என்னை மன்னியுங்கள்.