பட்டம் தருவது யார்?

முத்துப்பேட்டைப் பங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர், ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலய வாயிலில் நம்மை நிறுத்தி ஓர் ஐயத்தைக் கேட்டார். மகள் பிளஸ் டூ தேறியிருக்கிறாள். காலைப் பேருந்தில் போய் மாலையில் வீடு திரும்பும் தொலைவிலுள்ள அரசுக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. உறவினரோ, "அது ஊர்க் கல்லூரி, அங்கே வாங்கும் பட்டத்துக்கு மதிப்பில்லை. கடன் வாங்கியாவது திருச்சிக்கு அனுப்பு" என்கின்றனராம். சாகுபடிச் செலவுக்கே பணம் புரட்ட வேண்டிய காலத்தில் இந்தப் பேச்சு அவரை உறங்கவிடவில்லை.

நாம் அவருக்குச் சொன்ன மறுமொழி அவரைத் திகைக்க வைத்தது. அந்த ஊர்க் கல்லூரி பட்டம் தருவதே இல்லை. அவர் மனத்திலிருந்த திருச்சிக் கல்லூரியும் தருவதில்லை. திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்தவருக்கும், மன்னார்குடி அரசுக் கல்லூரியிலோ அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரியிலோ படித்தவருக்கும் பட்டம் வழங்குவது ஒரே பல்கலைக்கழகம்: 1982-ஆம் ஆண்டில் திருச்சியில் நிறுவப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகம். அதற்கு முன்னர் நம் டெல்டாக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தன.

கற்பிப்பது ஓரிடம், பட்டம் அளிப்பது வேறோரிடம் என்னும் இந்த ஏற்பாடு நம் மண்ணில் முளைத்ததன்று; இலண்டனிலிருந்து வந்தது. அதன் வரலாற்றில் கத்தோலிக்கராகிய நமக்கு ஒரு தனி உறவும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்னும் இரு பழம்பெரும் பல்கலைக்கழகங்களே இருந்தன. ஆங்கிலிக்கன் திருச்சபையின் கொள்கைகளை ஏற்று உறுதி கூறாதவர் அங்கே பட்டம் பெற இயலாது. கத்தோலிக்கருக்கும் யூதருக்கும் பிற சபையாருக்கும் கதவு அடைத்தே இருந்தது. இந்நிலையில் 1836-ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம் அரச சாசனம் பெற்றது. அது பாடம் நடத்தவில்லை. கல்லூரிகள் தத்தம் இடத்தில் கற்பிக்கட்டும், நாம் தேர்வு வைத்துப் பட்டம் அளிப்போம் என்றது. மாணவனின் சமயம் யாதென்று கேட்கவில்லை. 1840-இல் இயேசு சபையாரின் ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரி அதனோடு இணைந்தது. இங்கிலாந்துக் கத்தோலிக்க இளைஞன் தன் குருக்களிடமே பயின்று, நாடு மதிக்கும் பட்டத்தைப் பெற வழி பிறந்தது. பழைய பல்கலைக்கழகங்களில் அந்தச் சமயத் தடையைப் பெரும்பாலும் நீக்கிய சட்டம் வந்தது 1871-இல்தான்.

இந்த இலண்டன் முறையைப் பின்பற்றியே 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் எழுந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் அன்று வகுப்பறை இல்லாத பல்கலைக்கழகம். தேர்வு நடத்துவதே அதன் பணி. பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருக்கள் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய தூய வளனார் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகத்தை விட மூத்தது என்பதை நம் பங்கு மக்களுள் எத்தனை பேர் அறிவர்? அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, 1883-இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது.

இம்முறையில் குறையும் உண்டு. பாடம் நடத்தும் ஆசிரியர் வேறு. பாடத்திட்டம் வகுத்து, வினாத்தாள் அமைத்து, விடைத்தாள் திருத்துவோர் வேறு. மேட்டூரில் திறக்கும் தண்ணீருக்குக் கடைமடை காத்திருப்பது போல, வகுப்பறை எப்போதும் தொலைவிலுள்ள அலுவலகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தேர்வில் எது வரும் என்பதே கல்வியாகிவிடுகிறது. இதைக் கண்டுதான் இலண்டன் 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தன்னைக் கற்பிக்கும் பல்கலைக்கழகமாக மாற்றிக்கொண்டது. தந்தவர் திருத்திக்கொண்டார், வாங்கிய நாம் நெடுங்காலம் விடாப்பிடியாக வைத்திருந்தோம்!

தமிழ்நாட்டில் திருத்தம் 1978-இல் வந்தது. தூய வளனார், சென்னை இலயோலா உள்ளிட்ட சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. தன்னாட்சிக் கல்லூரி தானே பாடத்திட்டம் வகுக்கிறது, தானே தேர்வு நடத்துகிறது. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறது. அதே 1978-இல்தான் கல்லூரிகளிலிருந்த புகுமுக வகுப்பு நீங்கி, பிளஸ் டூ பள்ளிகளுக்கு வந்தது.

மூன்றாவது வகையும் நமக்கு அருகிலேயே உண்டு. 2009-இல் தொடங்கிய திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் தானே கற்பித்துத் தானே பட்டமளிப்பது. சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அவ்வாறே கற்பிக்கும் பல்கலைக்கழகமாகத் தொடங்கியதுதான். ஆனால் திருவாரூரில் இடம் பெற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூ முடிவு வந்தபின் அதைப்பற்றி விசாரிப்பவருக்குக் காலம் கடந்துவிட்டிருக்கும்.

ஆகவே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி பட்டத்தின் தரத்தைப் பற்றியதன்று. கல்லூரி தன்னாட்சி பெற்றதா, பாடத்திட்டம் எப்போது மாற்றப்பட்டது, பிள்ளை விரும்பும் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், ஆய்வகம் உண்மையில் திறந்திருக்கிறதா என்பவற்றையே விசாரிக்க வேண்டும். தன்னாட்சி என்ற சொல் ஒன்றே போதுமென்றும் நாம் கூறமாட்டோம். தானே கற்பித்துத் தானே மதிப்பெண் இடுவோர் தாராளமாகவும் இட்டுவிடக்கூடும்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இணைப்பு முறையையே பதினைந்து ஆண்டுகளில் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்கிறது. தமிழக அரசு அக்கொள்கையை ஏற்கவில்லை. குறை கண்டோர் ஒழிக்கச் சொல்வதில் வியப்பில்லை. ஆயினும் தன் காலில் நிற்க வலுவில்லாத சிறு கல்லூரி மூடப்பட்டால், விடுதிக்குப் பணம் கட்ட இயலாத கடைமடை வீட்டுப் பெண் எங்கே போவாள்? வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குப் பயன்பட்ட கதவு அது. அன்று அதன் வழியே நுழைந்தவர்களுள் நம் சபையாரும் உண்டு.

அந்தத் தந்தை மறு ஞாயிறு வந்தார். மகளுடன் கல்லூரிக்கே சென்று கணிதத் துறையில் விசாரித்தாராம், ஆசிரியர்கள் இருக்கிறார்களாம். கடன் வாங்கவில்லை. பேருந்துச் சலுகை அட்டைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதே இந்த வாரம் அவர் கேட்ட கேள்வி.