லயத்துச் சீட்டும் ஹற்றன் வங்கியும்

ஹற்றன் நஷனல் வங்கிக்கு இன்று நாடெங்கும் கிளைகள். வேர் மட்டும் நம் ஹற்றனில்தான். 1888இல் வெள்ளைக்காரத் துரைமார் இருவர் தொடங்கிய ஹற்றன் வங்கி, தோட்டத்துரைகளின் பணத்தேவைக்காகப் பிறந்தது. அப்போது கொழுந்து பறித்தவர்களுக்குக் கடன் கொடுத்தவர் பெரிய கங்காணி. தொழிலாளி தோட்டம் மாறினாலும் அந்தக் கடன் ‘துண்டு’ச் சீட்டில் கூடவே போனது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

வீடு கட்டக் கடன் கேட்டால் வங்கி காணி உறுதியைக் கேட்கும். நாலு தலைமுறையாக லயத்துக் காம்பிராவில் இருப்பவர் எந்த உறுதியைக் காட்டுவார்? நிலம் அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளுடையது. காணி உறுதி இருக்கட்டும், 1948இல் நம்மவரிடமிருந்து பறிபோன குடியுரிமையின் பிரச்சினையை முடித்துவைக்கவே 2003வரை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

இங்கிலாந்துத் தொழிலாளிக்கும் வங்கிக் கதவு திறக்காத காலம் உண்டு. 1775இல் பர்மிங்ஹாமில் ஒரு சத்திரத்தில் கூடியவர்கள் மாதச் சந்தா போட்டு, சேர்ந்த பணத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் வீடு எடுத்தார்கள். கட்டடச் சங்கம் அப்படித்தான் தொடங்கியது. எல்லோருக்கும் வீடானதும் அந்தக்காலச் சங்கங்கள் கலைந்துவிடும். லயத்துப் பெண்கள் பிடிக்கும் சீட்டை அறிந்தவருக்கு இது புரியாத விஷயமில்லை.

நுண்கடன் கம்பெனிகளுக்கும் இது நன்றாகவே புரிந்தது. சீட்டை நடத்தும் அதே பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கொருவர் பிணையாக்கி, கிழமைக்குக் கிழமை தவணை வாங்குகிறார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அக்கம்பக்கத்து நம்பிக்கைதான் அவர்களுக்கு ஈடு. ஆனால் வட்டி மலையை விட்டு இறங்கிப் போய்விடுகிறது. கட்டடச் சங்கத்தில் போட்ட பணத்தின் வட்டி உறுப்பினருக்கே திரும்பும். என்னைக் கேட்டால் வங்கிக்கும் சங்கத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

நம் தோட்டங்களில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் 1990களிலேயே வந்துவிட்டன. தொழிலாளர் அவற்றின் வழியாகக் கடன் எடுத்து, தவணையைச் சம்பளத்திலேயே பிடிக்கக் கொடுத்து வீடு கட்டினார்கள். உறுதியில்லாதவரும் கடனை அடைப்பார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் பல தோட்டங்களில் சங்கத் தலைவர் நாற்காலியில் துரையே உட்கார்ந்தார். பெரட்டுக் களத்தில் வேலை பிரித்துக் கொடுப்பவரிடமே சங்கக் கணக்கையும் கேட்க யாருக்குத் துணிவு வரும்? சங்கம் தங்களுடையது என்ற எண்ணமே பலருக்கு வராமல் போனதற்கு நான் தொழிலாளரைக் குறை சொல்லமாட்டேன்.

புதிய தனிவீடுகளோடு காணியும் வரும் என்கிறார்கள். வரட்டும், உறுதியோடு வரட்டும், கணவன் மனைவி இருவர் பேரிலும் எழுதப்படட்டும். அதுவரை கையில் இருப்பது சங்கம். உங்கள் தோட்டத்துச் சங்கத்தின் பொதுக்கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள். கணக்கைத் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். தலைவரை உறுப்பினர்களே வாக்குப் போட்டுத் தெரிவு செய்யக் கேளுங்கள்.