யாரும் படிப்பதில்லையா?

ஆன்லைன் கணக்கெடுப்பில் குறிப்புரையை யாரும் படிப்பதில்லை, அதற்கு மெனக்கெடுவது வீண் என்கிறது ஒரு தரப்பு. பாதிதான் உண்மை. பக்கத்தின் தலையில் கொட்டி வைத்த பத்து வரியை யாரும் படிக்க மாட்டார்கள்தான். பதில் எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பதைப் படிக்காமல் தாண்டுவது கடினம்.

திருப்பாச்சூரிலிருந்து ஷிப்டுக்குப் போகும் தொழிலாளியின் போனில் ‘மாத வருமானம்’ என்று ஒரு கட்டம் வருகிறது. பி.எஃப். பிடிப்பதற்கு முன்பா, பின்பா? ஓவர்டைம் சேருமா? கட்டம் சொல்லாது. அவர் எதை எழுதினாலும் சரிதான். கூட்டிப் பார்ப்பவரின் கணக்குத்தான் தப்பு.

பெட்டியருகே சொன்னால் பலன் உண்டு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்த இணையச் சோதனைகளில், தேதிக் கேள்வியில் மாதம் எழுதும் பெட்டியைச் சிறிதாக்கி, எத்தனை இலக்கம் வேண்டும் என்று குறியிட்டதும் கேட்ட வடிவில் தேதி எழுதியவர்கள் பெருமளவு கூடினார்கள்.

படிவம் பதிலையே மாற்றிவிடும் என்பதற்கு நம் நாட்டு உதாரணம் இதைவிடப் பெரியது. 1999-2000இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 55வது சுற்று, உணவுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் ஒரே வீட்டில் அடுத்தடுத்துக் கேட்டது. ஒரு பதில் மற்றதை இழுத்தது. 36 சதவீத வறுமை 26க்கு இறங்கியதாக அறிவிப்பு வந்தது. அதில் நிஜம் எவ்வளவு, படிவத்தின் கைங்கரியம் எவ்வளவு என்று ஆங்கஸ் டீட்டன் முதலான பொருளியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள்.

அது தாள் படிவம் என்பார்கள். அங்கே சந்தேகம் கேட்க எதிரில் ஓர் ஆளாவது இருந்தார்!

முதலில் ‘பிடித்தம் போகக் கைக்கு வருவது’ என்று வருமானக் கட்டத்தின் மேல் எழுதுங்கள். மக்களைக் குறை சொல்வதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.